வாரம் ஒரு மாத்திரையும் தடுமாறும் கால்களும்

மலேரியா வந்தபின் உயிரைக் காக்கக் கொடுக்கும் மருந்தையும், வராமல் தடுப்பதற்காக நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கும் மருந்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெஃப்ளோகுயின் என்ற மருந்தின் வரலாறுதான் எனக்கு இந்த எண்ணத்தைத் தந்தது.

அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, லாரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்த மருந்துக்கு 1989இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. வாரம் ஒரு மாத்திரை போதும் என்பதால் சோமாலியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போன படைவீரர்களுக்கும், ஆப்பிரிக்கா சென்ற பயணிகளுக்கும் இது பெருமளவில் கொடுக்கப்பட்டது. அந்த வசதிக்குக் காரணம், மருந்து உடலைவிட்டு நீங்க வாரக்கணக்கில் ஆவதுதான். ஒவ்வாதவருக்கு அதுவே துன்பமாகிறது. மாத்திரையை நிறுத்திய அன்றே மருந்து நின்றுவிடுவதில்லை.

2013 ஜூலையில் அதே நிர்வாகம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையான கட்டமிட்ட அறிவிப்பை இம்மருந்தின் மீது வைத்தது. தலைச்சுற்றல், சமநிலை இழப்பு, காதில் இரைச்சல் ஆகியவை மருந்து உட்கொள்ளும் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம், நிறுத்தியபின் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கலாம், சிலருக்கு நிரந்தரமாகவும் ஆகலாம் என்கிறது அது. ஒப்புதலுக்கும் இந்த வாசகத்துக்கும் இடையே 24 ஆண்டுகள். அதற்குள் எத்தனை பேர் தம் தடுமாற்றத்துக்குக் காரணம் தெரியாமலே வாழ்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சமநிலைக் கோளாறு வெளியில் தெரியாத நோய். உட்செவியின் அரைவட்டக் குழல்களும் மூளைத்தண்டும், கண்ணும், பாதங்களின் தொடுவுணர்வும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. உட்செவியிலோ மூளைத்தண்டிலோ பழுது ஏற்பட்டால், பகல் வெளிச்சத்தில் கண் ஓரளவு ஈடு கொடுத்துவிடும். இரவில் விளக்கை அணைத்ததும், குளிக்கும்போது கண்ணை மூடியதும் தரை நழுவும். மருத்துவர் முன் நேராக நடந்து காட்டுபவரை "பதற்றம்தான், வேறொன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவது எளிது. இம்மருந்து பதற்றத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடும் என்பதால் அந்தத் தவறு இன்னும் எளிதாகிறது.

பிரிட்டனில் 2016இல் நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழு, வேறு வழியில்லாதபோது மட்டுமே வீரர்களுக்கு இதைத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுக்கு ஆள் உடல்நிலையை முன்கூட்டியே ஆராய்ந்து தர வேண்டிய மருந்து எல்லோருக்கும் அப்படித் தரப்படவில்லை என்பது அக்குழு கண்ட குறைகளில் ஒன்று. எனக்கு இதுவே பெரிய குற்றமாகப் படுகிறது.

இம்மருந்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலேரியா உயிரைக் குடிக்கும் நோய். கர்ப்பிணிகளுக்குப் பிற தடுப்பு மருந்துகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. மற்றவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும், அட்டோவகுவோன்-புரோகுவானில் கூட்டு மருந்தும் இருக்கின்றன; தினமும் விழுங்க வேண்டும் என்பது அவற்றில் உள்ள சிரமம். மெஃப்ளோகுயினைத்தான் எழுதுவது என்று முடிவு செய்யும் மருத்துவர், தலைச்சுற்றலோ தடுமாற்றமோ தெரிந்தால் அடுத்த வார மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவரை அணுகி மாற்று மருந்து கேட்க வேண்டும் என்பதை, நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவருடைய மொழியில் சொல்லியாக வேண்டும்.