ஓடுமா என்று கேட்டது குற்றமா?

அந்த விளம்பரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அதை மறுபடியும் இங்கே ஒட்டப் போவதில்லை. கடந்த மூன்று நாட்களில் குறைந்தது பன்னிரண்டு பேர் அதை எனக்கு அனுப்பி, "உங்க ஏரியா சார், பாருங்க" என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். "1940-களின் அரிய சினிமா புரொஜக்டர், டூரிங் டாக்கீஸில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை ஓட்டியது, விலை ரூ. 1,85,000, பேரம் கிடையாது" என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவது புகைப்படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால், கருவியின் நெற்றியிலேயே "சூப்பர் 8" என்று பொறித்திருப்பது தெரிகிறது.

சூப்பர் 8 அறிமுகமானது 1965-இல். குழந்தையின் பிறந்தநாளையும் கொடைக்கானல் பயணத்தையும் வசதியுள்ளவர்கள் தாங்களே படம் பிடித்துத் தங்கள் வீட்டுச் சுவரில் போட்டுப் பார்ப்பதற்காகக் கோடக் கொண்டுவந்த அளவு அது. ஃபிலிமின் மொத்த அகலமே 8 மி.மீ.; ஒரு ஃபிரேம், அதாவது அதிலுள்ள ஒரு தனிப் படம், ஒரு பொன்னி அரிசி மணியின் நீளம்தான் இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 100 வாட் விளக்கு. கீற்றுக் கொட்டகைகளில் ஓடியது 35 மி.மீ., சில ஊர்களில் 16 மி.மீ. கார்பன் குச்சிகளை எரித்து வரும் வெளிச்சத்தைக்கூடப் போதவில்லை என்று தரை டிக்கெட்காரர்கள் விசிலடித்த கொட்டகையில், இந்தக் கருவியை வைத்து எம்.ஜி.ஆர். படம் ஓட்டியிருந்தால் முதல் வரிசையில் இருப்பவருக்கு மட்டும் அவருடைய தொப்பி தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் அங்கே எழுதவில்லை. நாகரிகமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஐயா, இது ஓடுமா?" அதற்கு வந்த பதிலை நீங்களும் படித்தீர்கள். "இது ஓட்டுறதுக்கான பொருள் இல்ல சார், ஆன்டிக். மதிப்புத் தெரிஞ்சவங்க வாங்குவாங்க." அடுத்த பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்.

விலையைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் இந்தப் பதிவைத் தொடங்க நினைத்தேன். எழுத எழுத, புகார் இருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் என் முதல் புகார் வேறு. ஓடாத கருவிக்கு, ஓடிய கருவிகளின் கதையைச் சொல்லி விலை கேட்காதீர்கள் என்பதுதான் அது. அழகான இரும்புப் பெட்டி என்று போட்டு இரண்டு லட்சம் கேளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். கொட்டகையையும் மணல் தரையையும் முறுக்கையும் சேர்த்து விற்கும்போது, அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த வீட்டிலிருந்து ஒருவன் வந்து "ஓடுமா" என்று கேட்கத்தான் செய்வான்.

ஆன்டிக் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக வேண்டுமானால் 100 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். சூப்பர் 8-க்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது. போன மாதம் இன்னொருவர் "சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்துக் கருவி" என்று ஒன்றை நான்கு லட்சத்துக்குப் போட்டிருந்தார். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கிக்கொண்டு கூடாரத்தில் படம் காட்டக் கிளம்பியது 1905-இல். அது மௌனப் படங்களின் காலம். இந்தியப் படங்கள் பேசத் தொடங்கியதே 1931-இல். விளம்பரத்தில் இருந்த கருவியிலோ ஒலியைப் படிப்பதற்கான எக்ஸைட்டர் விளக்கின் கூண்டு பளபளவென்று தெரிகிறது. வின்சென்ட் அவர்கள் 26 ஆண்டுகள் முன்கூட்டியே யோசித்து வாங்கியிருக்கிறார் போலும்.

"ஓடுமா" என்பது ஒற்றைச் சொல்தான் என்றாலும் அதற்குள் இருக்கும் கேள்விகள் பல. ரப்பர் பெல்ட் இருக்கிறதா, அல்லது உருகித் தார் போலச் சக்கரத்தில் ஒட்டிக்கிடக்கிறதா? லென்ஸ் இருக்கிறதா, அல்லது அதைத் தனியாகக் கழற்றி விற்றாகிவிட்டதா? எக்ஸைட்டர் விளக்கு எரிகிறதா? அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் உண்டா? அது இருந்தாலும் சில மோட்டார்களுக்குப் போதாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதற்கேற்றபடி புல்லியை மாற்றாமல் ஓட்டினால், நொடிக்கு 24 ஃபிரேம் போக வேண்டிய படம் 20-தான் போகும், கதாநாயகி கதாநாயகனின் குரலில் பாடுவாள். இவற்றில் ஒன்றையாவது விளம்பரத்தில் எழுதியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. "வொர்க்கிங் கண்டிஷன்" என்று எழுதுவார்கள். அதற்கு அவர்களுடைய அகராதியில், பிளக்கைச் செருகினால் உள்ளே ஏதோ ஒன்று எரிகிறது என்று பொருள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஏமாந்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்து 48,000 ரூபாய்க்கு ஒரு 16 மி.மீ. கருவியை வாங்கினேன். மனைவியிடம் 18,000 என்று சொன்னேன். இந்தப் பதிவை அவர் படிப்பார் என்பதால் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பார்சலைப் பிரித்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது, நான் கை தட்டினேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்துகூடப் பார்க்காமல், "நிறுத்துடா, கியர் போயிருக்கு" என்றார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். இரும்புத் தண்டின் மேல் மாட்டியிருந்த வெள்ளை நைலான் புழுக்கியர் நீளவாக்கில் பிளந்து, தண்டு மட்டும் உள்ளே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் இது அடிக்கடி நடப்பதுதான், வயதாக ஆக நைலான் வெடித்துவிடும். விற்றவரைக் கூப்பிட்டேன். "லைட் எரியுதுல்ல சார்?" என்றார். பட்டறையில் பித்தளையில் ஒன்று கடைந்து வாங்கி மாட்டினோம். ஓடுகிறது, ஆனால் மாவு மில் போலச் சத்தம்.

அன்றைக்கு அப்பா அதில் ஃபிலிம் மாட்டியதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 16 மி.மீ. ஃபிலிமில் ஒலி, அதற்குரிய படத்துக்கு 26 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். ஏனென்றால் லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் விழும் 'கேட்' என்ற இடத்தில் படம் நின்று நின்று போக வேண்டும், சில அங்குலங்கள் தள்ளி ஒலி உருளையின் மேல் அதே ஃபிலிம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே விடும் வளைவைத்தான் லூப் என்பார்கள். அது கூடினாலும் குறைந்தாலும் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கண் சரியாகத் தெரியாத அப்பா, இரண்டு விரலை உள்ளே விட்டு அந்த வளைவைத் தடவிப் பார்த்து, ஒரு பல் பின்னுக்குத் தள்ளி, "இப்பப் போடு" என்றார். முதல் வசனமே உதட்டில் வந்து உட்கார்ந்தது. மதிப்புத் தெரிந்தவர்கள் வாங்குவார்களாம்.

சரி, உங்கள் பதில்களுக்கு வருகிறேன். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"வாங்க முடியாதவனின் வயிற்றெரிச்சல்" என்பீர்கள். ஆமாம், வாங்க முடியாது. அதனால் நான் கேட்ட கேள்வி தவறாகிவிடுமா?

"விற்பவன் விலை வைப்பான், பிடிக்காவிட்டால் நகர்ந்து போக வேண்டியதுதானே" என்பீர்கள். நகர்ந்து போயிருப்பேன், அந்த விலை அந்த விளம்பரத்துக்குள்ளேயே இருந்துவிடும் என்றால். அது இருப்பதில்லை. துறையூர்ப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியின் அறிவியல் அறையில், மாணவர்களுக்கு அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களைப் போட்டுக் காட்டிய ஒரு 16 மி.மீ. கருவி பூட்டிக் கிடக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் போய், அதைச் சுத்தம் செய்து தருகிறோம், மாதம் ஒரு முறை பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம், கருவி உங்கள் பள்ளியிலேயே இருக்கட்டும் என்றுதான் கேட்டோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர். தேநீர் கொடுத்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, இதே போன்ற கருவிக்கு யாரோ மூன்று லட்சம் போட்டிருப்பதைக் காட்டி, "இவ்வளவு விலை போற பொருளை நான் எப்படி சார் வெளியாள் கையில விடுறது, ஆடிட் வந்தா என்ன சொல்றது?" என்றார். அந்த மூன்று லட்சம் விளம்பரம் இரண்டு ஆண்டுகளாக விற்காமல் அங்கேயே கிடக்கிறது. கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கருவி அந்த அறையிலேயே துருப்பிடிக்கிறது. அலமாரியில் இருக்கும் ஃபிலிம் சுருள்களைத் திறந்தால் காடி வாசனை வருகிறது. அசிடேட் ஃபிலிம் அழியத் தொடங்கினால் அப்படித்தான் நாறும். யாரும் எதையும் விற்கவில்லை, யாரும் எதையும் வாங்கவில்லை, ஆனால் அந்தப் படங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. விளம்பரம் போட்டவருக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

"பேரிச்சம்பழத்துக்குப் போவதைவிட யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் அழகாக நிற்கட்டுமே" என்பது மூன்றாவது. இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்தைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏன் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா 1971-இல் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் படப்பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்தார். அங்கே ஒரே மெஷின். ரீல் மாற்றுவதற்காகவே படத்துக்கு மூன்று இடைவேளை விடுவார்கள். பிறகு ஆபரேட்டர் லைசென்ஸ் எடுத்து, நிரந்தரத் தியேட்டர் ஒன்றில் இரண்டு மெஷின் இருக்கும் அறைக்குப் போனார். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் பொட்டு வந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைத் தட்ட வேண்டும், இரண்டாவது பொட்டுக்கு மாற்ற வேண்டும். கருப்புக் கண்ணாடி வழியாகக் கார்பன் குச்சிகளின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது விரிந்தால் திரை மங்கும், திரை மங்கினால் அப்பாவின் அம்மாவைப் பற்றிக் கீழேயிருந்து கேள்வி வரும். 2012-இல் டிஜிட்டல் வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல எண்ணெய்க் கேனும் வேஸ்ட் துணியுமாக மேலே ஏறியபோது, அறையில் நான்கு போல்ட் துளைகளும் தரையில் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. இரண்டு மெஷின்களையும், கார்பன் விளக்குக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபயரோடு சேர்த்து, ஞாயிற்றுக்கிழமையே எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கிடைத்தது அப்பாவின் நான்கு மாதச் சம்பளம் அளவுக்கான தொகை. அன்றைக்கு அந்த மெஷின்கள் ஓடும் நிலையில் இருந்தன. நேற்று இரவுக் காட்சி வரைக்கும் ஓடிய மெஷினை நாமே எடைக்குப் போட்டோம், ஓடாத மெஷினுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை வைக்கிறோம். இதை நான் பாராட்ட வேண்டுமா?

இது விற்பவருடைய குற்றம் இல்லை என்று எழுதுவீர்கள். சரி, இல்லை. அந்தத் தியேட்டர்காரருடைய குற்றமும் இல்லை. அவருக்கும் கடன் இருந்தது. யாருடைய குற்றமும் இல்லை என்று முடித்துவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக ஒன்று. "போன ஆண்டு நீங்களே ஒரு சூப்பர் 8-ஐ விற்றீர்களே" என்று எடுத்துப் போட ஒருவர் காத்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். விற்றேன். 9,000 ரூபாய்க்கு. பெல்ட் மாற்றி, ஓட்டிக் காட்டி, விளக்கு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது என்பதையும் எழுதிக் கொடுத்து விற்றேன். இப்போது யோசித்தால் 12,000 கேட்டிருக்கலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நேற்று இரவு நண்பரின் கைப்பேசியில் அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் இருக்கிறது. "1940-கள்" என்பது "1950-கள்" ஆகியிருக்கிறது. என் கேள்விக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். விலையில் மாற்றமில்லை. அப்பாவிடம் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இதற்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் கேட்கிறார்கள் என்றேன்.

"ஜோடியா?" என்று கேட்டார்.