சிமேக்கில் ஃபோர்ஈச் எழுதும்போது ‘இன் லிஸ்ட்ஸ்’ போடுங்கள்

மூலக் கோப்புகளிலிருந்து மென்பொருளைக் கட்ட உதவும் கருவியான சிமேக்கைக் (CMake) கற்றுத் தருகிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைத் திரும்பச் செய்யும் ஃபோர்ஈச் (foreach) லூப்பைச் சொல்லிக்கொடுக்கும் முதல் நாளே ‘இன் லிஸ்ட்ஸ்’ (IN LISTS) என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு வேரியபிளை விரித்துவிடுகிற, அதாவது பெயர் இருக்கும் இடத்தில் அதன் மதிப்பையே கொட்டிவிடுகிற முறையை அப்புறம் சொல்லலாம், பழைய கோப்புகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு. மொரீசியஸில் எபென் சைபர் சிட்டிக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் இதைத் தலைகீழாகக் கற்று வருகிறார்கள். கேட்டால், “ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா” என்கிறார்கள். ஒன்றல்ல.

நம் ஊருக்குப் பொருந்தும் உதாரணமே சொல்கிறேன். காவடித் திருவிழா அறிவிப்புகளைக் கோவில் திரையில் காட்ட ஒரு சின்ன மென்பொருள் எழுதுகிறோம் என்று வையுங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், தமிழ் என்று நான்கு மொழிகள் ஒரு பட்டியலில். ஒவ்வொரு மொழிக்கும் தனியாக எழுத்துரு வேண்டுமா என்பது இன்னொரு பட்டியலில். முதல் மூன்றுக்கும் லத்தீன் எழுத்துதான், இருப்பதே போதும், அதனால் மூன்று இடமும் காலி. நான்காவது இடத்தில் மட்டும் நோட்டோ சான்ஸ் தமிழ்.

இந்த இரண்டாவது பட்டியலை டாலர் போட்டு விரித்தால் லூப் நான்கு முறை ஓடாது, ஒரே முறைதான் ஓடும். விரிக்கும்போதே சிமேக் மூன்று காலி இடங்களையும் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் பக்கத்தில் ஓர் எண்ணியை வைத்துப் பூஜ்யத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால், தமிழ் எழுத்துரு ஆங்கிலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். தமிழுக்கு ஒன்றும் கிடைக்காது. பிழைச் செய்தி வராது, பில்ட் (மென்பொருளைக் கட்டும் வேலை) பச்சையாக முடியும். எழுதியவருடைய மடிக்கணினியில் ஏற்கெனவே தமிழ் எழுத்துரு இருக்கும், அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். கோவிலில் மாட்டியிருக்கும் குட்டிக் கணினியில்தான் தமிழ் வரிகள் கட்டம் கட்டமாக நிற்கும். நாட்டின் ரூபாய் நோட்டிலேயே அச்சாகிற எழுத்து, கோவில் திரையில் தெரியாமல் போவதா? அதுவும் தடுக்க முடிந்த ஒரு காரணத்துக்காக!

காரணம் மர்மமானது இல்லை. சிமேக்கில் எந்த மதிப்பும் அடிப்படையில் ஒரு ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். பட்டியல் என்று நாம் சொல்வது நடுவில் அரைப்புள்ளி போட்ட ஒரு ஸ்ட்ரிங். 2000-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பண உதவியோடு உருவான ஐடிகே என்ற மருத்துவப் பட மென்பொருளுக்காகக் கிட்வேர் நிறுவனம் எழுதத் தொடங்கிய கருவி இது. அன்றைய எளிமை அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. பழைய திட்டங்கள் உடையக்கூடாது என்பதால் அந்த அடித்தளம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அடித்தளம் இப்படி என்று தெரிந்துதான் அதன்மேல் எழுத வேண்டும்.

‘இன் லிஸ்ட்ஸ்’ போட்டால் வேரியபிளின் பெயரை மட்டும் கொடுக்கிறோம், சிமேக் தானே உள்ளே பார்க்கிறது, காலி இடங்களும் ஒவ்வொன்றாக வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழக்க தோஷத்தில் ‘இன் லிஸ்ட்ஸ்’ எழுதிவிட்டு டாலரையும் போடுகிறவர்கள் உண்டு. அப்போது சிமேக் உங்கள் மொழிக் குறியீடுகளையே வேரியபிள் பெயர்களாக நினைத்துத் தேடும். அப்படி எதுவும் இருக்காது, லூப் ஒரு முறைகூட ஓடாது, அதற்கும் பிழைச் செய்தி வராது. பட்டியலை வேறொரு வேரியபிளுக்கு நகல் எடுக்கும்போது மேற்கோள் குறி போட மறந்தாலும் காலி இடங்கள் அங்கேயே போய்விடும்.

இரண்டு பட்டியல்களை ஜோடியாக நடத்த எண்ணியே தேவையில்லை. 3.17 பதிப்பிலிருந்து ‘ஜிப் லிஸ்ட்ஸ்’ இருக்கிறது. மொழி, எழுத்துரு என்று இரண்டு லூப் வேரியபிள்கள் கொடுத்தால் இரண்டும் கைகோத்து வரும். எண்ணியோடு ‘ரேஞ்ச்’ பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி இடறும் இடமும் இதனால் போய்விடும். ரேஞ்ச் 4 என்றால் 0 முதல் 4 வரை, நான்கையும் சேர்த்து, ஐந்து முறை ஓடும்.

மொழி நான்குதானே, லூப்பே வேண்டாம், நான்கு தடவை எழுதிவிட்டுப் போகலாம் என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இது மொரீசியஸ். நாளை இந்தி வரும், தெலுங்கு வரும், மராத்தி வரும், உருது வரும். பட்டியலில் ஒரு சொல் சேர்த்தால் முடிகிற வேலைக்கு ஒவ்வொரு தடவையும் பத்து வரியை நகலெடுத்தால், ஏதாவது ஒரு மொழியில் ஒரு வரி விட்டுப்போகத்தான் செய்யும். பெரும்பாலும் அது அந்த மொழி தெரியாதவர் கையில்தான் நடக்கும், அவருக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொன்று. லூப்புக்குள் ஒரு மெசேஜ் வரி போட்டு, மொழியையும் எழுத்துருவையும் அச்சிட்டுப் பாருங்கள். காலி இடத்தைச் சுற்றி மேற்கோள் குறி வையுங்கள், கண்ணுக்குத் தெரியும். அப்புறம் தமிழ் எழுத்துரு நிறுவாத ஒரு கணினியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கோவிலுக்குக் கொண்டுபோய் மாட்டுவது அதற்குப் பிறகு.