அக்கா, படம் இருக்கிறதா?

நம் பறவை பார்க்கும் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு குழுவின் பட்டியலைத் திறந்து பார்த்தால், என் பெயருக்கு நேரே இருந்த 61 பறவைகள் 60 ஆகியிருக்கின்றன. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்திருக்கலாம். ரவிக்கையில் ஒரு கொக்கியை இடம் மாற்றித் தைப்பதற்குக்கூட நான் வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் தைக்கிறேன்.

வந்திருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள், சுவை கூட்டியே சொல்லியிருப்பார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். படம் இல்லை என்று நீக்கப்பட்ட அந்த ஸ்டார்ம் நாரையை நான் பார்த்தேன். படம் எடுக்கவில்லை. இரண்டுமே உண்மை.

ஜூன் மாதம், மலேசியாவில், போர்னியோ தீவின் சபா மாநிலத்தில் சுகாவ் கிராமம். இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, கோலாலம்பூரில் இருக்கும் தங்கை மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து சண்டகானுக்கு விமானம் ஏறிப் போனேன். (ஒரே நாட்டுக்குள்தானே போகிறோம் என்று நினைத்தால், சபாவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் மறுபடி முத்திரை குத்துகிறார்கள். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கை நடுங்கியது.) கினபத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. பால் குறைவாக விட்ட டீயின் நிறத்தில் தண்ணீர். அதில் வந்து சேரும் மெனங்குல் என்ற சிற்றாறு எங்கள் பக்கிங்காம் கால்வாய் அளவுக்குத்தான் அகலம். மனிதக்குரங்குகள் அக்கரைக்குப் போவதற்கு மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டிவைத்திருக்கிறார்கள்.

காலை 6.40. படகோட்டி மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் ஓராங் சுங்கை என்கிற ஆற்று மக்களில் ஒருவர், பிறந்து வளர்ந்ததே அந்தக் கரையில்தான். பனி கலையவில்லை. திடீரென்று துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலை உதட்டில் வைத்தார். இடது கரையில் பட்டுப்போன மரம் ஒன்று. அதன் இரண்டாவது கவட்டில் கறுப்பாக ஏதோ நின்றது. பைனாகுலரை எடுத்தேன். தலை திரும்பியது.

அலகு சிவப்பு. சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு என்று கேட்கிற தொழில் என்னுடையது. தண்டையார்பேட்டையில் என் கடை அலமாரியில் சிவப்பில் மட்டும் இருபத்திரண்டு நூல்கண்டுகள் இருக்கின்றன. இது செடியிலேயே பழுத்து வாடத் தொடங்கிய மிளகாயின் சிவப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள், எலுமிச்சை மஞ்சளைவிட அடர்த்தி, தாலிக்கயிற்றில் அன்றைக்குத்தான் பூசியது போல. உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி. பின்கழுத்தில் பஞ்சு பிரித்து ஒட்டியது போல வெள்ளை. ஸ்டார்ம் நாரை. எழுபது எண்ணுவதற்குள் பறந்துவிட்டது.

செல்போன் மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறைக்குள், உறை பைக்குள், பை காலடியில். பைனாகுலரை இறக்கிவிட்டு அதைத் தோண்டியிருந்தால் பறவையையும் பார்த்திருக்கமாட்டேன், படமும் வந்திருக்காது. சொச்சம் நேரம் கண்ணில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பார்த்தேன். அடுத்த நிமிடமே நோட்டுப்புத்தகத்தில் எழுதினேன். ஈரத்தில் மை கசிந்த அந்தப் பக்கத்தைத்தான் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "அக்கா, படம் இருக்கிறதா?" இல்லை என்றேன். "அப்போது அது வெண்கழுத்து நாரையாகவும் இருக்கலாம். ஏன், மரக்கட்டையாகவும் இருக்கலாம்." சிரிப்பு. முன்வரிசையில் அதிகம் சிரித்தார்கள்.

வெண்கழுத்து நாரைக்கு அலகு கறுப்பு. அதைச் சொன்னேன். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டதால் யார் காதிலும் விழவில்லை போலிருக்கிறது.

கேள்வி கேட்ட அந்தத் தம்பி ஸ்டார்ம் நாரையைத் தமிழில் "புயல் நாரை" என்று வேறு மொழிபெயர்த்தார். தம்பி, ஸ்டார்ம் என்பது ஆள் பெயர். ஹ்யூகோ ஸ்டார்ம் என்கிற சேகரிப்பாளரின் பெயர். புயலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் பறவையைப் பட்டியலிலிருந்து நீக்கும் அளவுக்கு விஷயம் தெரிந்தவர் அதன் பெயரையும் தெரிந்துகொண்டிருக்கலாம். அதற்கு அறிவியல் பெயர் வைத்தது 1896-இல், நம் சலீம் அலி பிறந்த அதே வருடம். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலை உரித்து, பஞ்சடைத்துக் கொண்டுவந்து காட்டினால்தான் நம்புவார்கள். இன்று துப்பாக்கிக்குப் பதில் லென்ஸ். இரண்டும் இல்லாதவளை மட்டும் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

"அறிவியலுக்கு ஆதாரம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். எண்ணூரில் ஸ்டார்ம் நாரையைப் பார்த்தேன் என்று சொன்னால் படம் கேளுங்கள், இரத்தப் பரிசோதனைகூடக் கேளுங்கள். நான் சொன்னது கினபத்தாங்கான். உலகத்தில் மிஞ்சியிருக்கும் சில நூறு பறவைகளைத் தேடி எல்லோரும் போகிற இடமே அதுதான். மீனைக் காசிமேட்டில் பார்த்தேன் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்பது போல இருக்கிறது. உலகம் முழுக்கப் பறவைகளைப் பதிவிடும் இ-பேர்டு இணையதளத்தில்கூட அரிய பறவை என்றால் விவரம் எழுதச் சொல்கிறார்கள், படம் கட்டாயம் என்று சொல்வதில்லை. நம் குழு அதைவிடப் பெரிய இடம், நான்தான் மறந்துவிட்டேன்.

"மனிதர்கள் தவறாகப் பார்ப்பதில்லையா?" பார்ப்பார்கள். நானும் பழவேற்காட்டில் ஒருமுறை சங்குவளை நாரையின் இளம்பறவையை நத்தைகுத்தி என்று எழுதிவிட்டேன். மறுநாள் நானேதான் திருத்தினேன். அதை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

சரி, என் மற்ற 60 பறவைகளில் எத்தனைக்குப் படம் இருக்கிறது? ஒன்பதுக்கு. பாம்புத்தாராவுக்கு இல்லை, காண்டாமிருக இருவாச்சிக்கு இல்லை, பெரிய அலகு மீன்கொத்திக்கு இல்லை. அவையெல்லாம் பட்டியலில் சௌக்கியமாக இருக்கின்றன. சென்ற வருடம் ஒரு பெரியவர் கேரளத்தின் தட்டேக்காடு சரணாலயத்துக்குப் போய்வந்து, "தவளைவாயனைப் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டேன்" என்று அந்த இரவுப் பறவையைப் பற்றிச் சொன்னார். கைதட்டினோம். நானும் தட்டினேன். அவர் நேர்மையானவர், அவர் கேட்டதாகச் சொன்னால் கேட்டிருப்பார். அவர் காதுக்கு இருக்கிற மதிப்பு என் கண்ணுக்கு ஏன் இல்லை? இதைத்தான் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தையல் இயந்திரம் ஓடும்போதும் கேட்கிறேன். தீபாவளி ஆர்டர்கள் நாற்பது குவிந்துகிடக்கின்றன, அதில் ஒரு சுடிதாருக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

என் அப்பா காசிமேட்டில் கட்டுமரம் ஓட்டியவர். கரையில் நின்று கடலைப் பார்ப்பார். எங்கோ தூரத்தில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். "ஆலா விழுகிறது" என்பார். அவ்வளவுதான், நான்கு பேர் ஏறிப் போவார்கள். ஆலா என்கிற கடற்பறவை கூட்டமாகத் தண்ணீரில் விழுந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோலும் உழைப்பும் பிள்ளைகளின் இரவுச் சாப்பாடும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கிளம்பும். வெறும் கண். ஒருவரும் அவரிடம் படம் கேட்டதில்லை. அவர் பொய் சொன்னால் அடுத்த நாள் அவரோடு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், அதுதான் தணிக்கை. எனக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வழிகாட்டிப் புத்தகம் பிறகு வந்தது, பைனாகுலர் மூர்மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது.

ஞாயிறன்று எனக்குப் பேசத் தந்தது பதினைந்து நிமிடம். நாரையைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, உண்மையில் சொல்ல வந்ததற்குப் போகலாம் என்று இருந்தேன். கேள்வி வந்த பிறகு அதற்கு நேரமே இல்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

அந்த ஆற்றில் ஏன் அவ்வளவு விலங்குகள் தெரிகின்றன தெரியுமா? மாலையானால் கரையோர மரங்களில் நீண்ட மூக்குக் குரங்குகள் வந்து அமரும், ஒரே மரத்தில் பன்னிரண்டு எண்ணினேன். முதலை, யானை, மனிதக்குரங்கு எல்லாம் படகிலிருந்தே தெரியும். "என்ன வளம்!" என்றுதான் நானும் முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் தங்கியிருந்த வீட்டுக்காரர் காரில் உள்ளே கூட்டிப்போனார். எண்ணெய்ப் பனை. பத்து நிமிடம், இருபது நிமிடம், வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனை மட்டுமே. 2005-இல் சுமார் 26,000 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், அதுவும் துண்டு துண்டாக ஆற்றோரம். விலங்குகளுக்குப் பின்னால் போக இடமில்லை, அதனால் கரையில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்ததும் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அதைப் பார்த்து இந்தத் தெரு செழிப்பான தெரு என்று யாராவது சொல்வார்களா?

என் ரேஷன் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில்தான் வடை சுடுகிறேன். அது எந்தத் தோட்டத்து எண்ணெய் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஊர் திரும்பி முதல் வடையைப் போட்டபோது அந்தக் குரங்குகளின் முகம் நினைவுக்கு வந்தது. சுட்டேன், சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கூட்டத்தில் பேசியிருந்தால் நல்ல விவாதம் வந்திருக்கும். நமக்கு வாய்த்தது மரக்கட்டை விவாதம்.

"இதில் வடசென்னை, தென்சென்னை என்று பிரிக்காதீர்கள்" என்று நேற்று ஒரு தோழி தொலைபேசியில் சொன்னார். நான் பிரிக்கவில்லை, அம்மா. கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது "உங்கள் பக்கம் காக்காயைத் தவிர என்ன இருக்கிறது, அதனால்தான் அக்கா போர்னியோ வரை போய்விட்டார்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டதே, அதுதான் பிரித்தது. வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்பீர்கள். வேடிக்கையாகவே இருக்கட்டும். என் மொட்டைமாடிக்கு வந்து காசிமேட்டுப் பக்கம் வட்டமிடும் செம்பருந்துகளை எண்ணிப் பார்க்கட்டும். கினபத்தாங்கானிலும் அதே செம்பருந்துதான் பறக்கிறது. அங்கே அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம், இங்கே மீன்குடலைத் தின்கிறது என்று மூக்கைப் பொத்துகிறோம்.

இனி எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பெட்ரோலிய எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. ஐந்து நாள் கழித்துப் போனேன். கூழைக்கடா ஒன்று அலையாத்திச் செடி ஓரத்தில் நின்றது. வெள்ளைப் பறவை, தார்ப்பீப்பாயில் முக்கி எடுத்தது போல. அலகால் இறகைக் கோதும், கோதக் கோத எண்ணெய் அலகில் ஏறும், பிறகு அலகைச் சேற்றில் துடைக்கும். மறுபடி கோதும். என்னால் கிட்டே போக முடிந்தது, அது பறக்கவில்லை. அன்று பைனாகுலரே தேவைப்படவில்லை. செல்போன் கையில்தான் இருந்தது. பதினொரு படம் எடுத்தேன். அன்று மாலையே குழுவில் போட்டேன்.

ஒரு கட்டைவிரல் வந்தது. அதன் கீழே ஒருவர், "மனதைப் பாதிக்கும் படங்களைக் குழுவில் தவிர்க்கலாமே" என்று எழுதினார். மறுநாள் காலை வேடந்தாங்கல் படங்கள் முப்பது வந்தன, என்னுடையவை மேலே போய்விட்டன. அந்தப் பதினொன்றையும் இன்னும் வைத்திருக்கிறேன். தேதி, நேரம், இடம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆதாரம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

61-வது பறவையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நான் மனு போடப்போவதில்லை. தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணப் போகிறேன், யார் வேண்டுமானாலும் வரலாம். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், அங்கே சாம்பல் கலந்த சேறு கணுக்கால் வரை இழுக்கும், நல்ல ஷூவாக இருந்தால் திரும்பக் கிடைக்காது. லென்ஸ் வைத்திருக்கும் தம்பியும் வரட்டும். என் கூடையில் இட்லி இருக்கும், கொசுவத்திச் சுருளும் இருக்கும். பாமாயில் வடையும் கொண்டுவருவேன்.