4கே மானிட்டர் "நாளைக்கும் உதவும்" என்பது பற்றி

ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினிக்கும் 4கே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரே நல்லது, அது நாளைக்கும் உதவும், விளையாடும்போது 1080பி என்ற குறைந்த தெளிவுக்கு இறக்கிக்கொண்டால் எதுவும் குறையாது என்று சொல்லப்படுவது, வாங்குபவரைத் தவறான இடத்தில் செலவழிக்க வைக்கும். 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் புள்ளிகள்) உள்ளன. 1080பி திரையில் இருப்பவை 21 லட்சம்தான் என்பதால், 4கே-யில் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு நான்கு மடங்கு பிக்சல்களை வரைய வேண்டியிருக்கும். 2021-இல் ஏஎம்டி நிறுவனம் அந்தக் கார்டை 1080பி விளையாட்டுகளை மனத்தில் கொண்டே வெளியிட்டது. 1080பி-க்கு இறக்கினால் ஒரு பிக்சல் நான்காக விரியும் என்பது கணக்குக்குச் சரியே. ஆனால் பல மானிட்டர்கள் அப்படி நேராகப் பெருக்காமல் பக்கத்து நிறங்களைக் கலந்துவிடுவதால், சிறிய எழுத்துகளின் ஓரங்கள் மங்கித் தெரியும்.

ஃப்ரீசிங்க் (கார்டு தரும் பிரேம் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) வசதியுள்ள 24 அங்குல 1080பி 144 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரையே இந்தக் கார்டுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கார்டு நொடிக்கு 90 பிரேம் கொடுத்தால் அந்தத் திரை தொண்ணூறையும் காட்டும். 4கே 60 ஹெர்ட்ஸ் திரையோ அறுபதோடு நின்றுவிடும். வாங்கிய பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த 144 ஹெர்ட்ஸ் திரை 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதை மாற்றாமலேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.