மாதிரியை அனுப்பினால் போதுமாம்

கணைய, பெருங்குடல் புற்று ஆய்வுக் கூட்டத்தில், திசுவும் ரத்தமும் எடுத்துத் தரும் மருத்துவமனைக்காரர்களிடம் ஆய்வகத்துக்காரர் ஒருவர் பேசிய துணுக்கை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நீங்கள் மாதிரியை அனுப்புங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நன்றியுரையில் பெயர் போட்டுவிடலாம்." சொன்னவர் இதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

மாதிரி எடுப்பதே ஆய்வுதான் ஐயா. கணையத்தில் இது நூறு சதவீதம் உண்மை.

கணையக் கட்டியில் பெரும்பகுதி புற்றுச் செல் கிடையாது, நார்த்திசு. கையில் கல் மாதிரி தட்டுப்படும் இடத்தை வெட்டி அனுப்பினால் உள்ளே வெறும் நார் இருக்கலாம், நாட்பட்ட அழற்சியும் இருக்கலாம். அதனால் அதே துண்டின் பக்கத்து முகப்பை உறையவைத்து, மெல்லிய சீவல் (உறைவெட்டு) ஒன்று எடுத்து, எத்தனை சதவீதம் புற்றுச் செல் என்று நுண்ணோக்கியில் ஒருவர் எண்ணிச் சொல்ல வேண்டும். அது 10% என்று வையுங்கள். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருக்கும் மாற்றம், டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வரிசைப்படுத்தலில் 5% அளவில்தான் தலைகாட்டும். பெருங்குடல் கட்டிக்குப் பழகிய அதே வெட்டுப்புள்ளியை, அதாவது 'இதற்குக் கீழே இருந்தால் இல்லை' என்று தள்ளும் அளவை, இங்கும் வைத்தால் கேராஸ் (KRAS) மரபணுவில் மாற்றமே இல்லை என்று அறிக்கை வரும். கணையப் புற்றில் சுமார் 90 சதவீதத்தில் இருக்கிற மாற்றம் அது! பிறகு "சுவாரசியமான துணைக்குழு" என்று கட்டுரை வேறு.

அடுத்தது நேரம். ரத்தக்குழாயைக் கட்டிய நிமிடமே திசு கெட ஆரம்பிக்கிறது. கணையம் நொதி சுரக்கும் உறுப்பு, ஆர்என்ஏவைத் தின்னும் நொதியும் அதிலேயே ஏராளம். 20-30 நிமிடத்துக்குள் திரவ நைட்ரஜனுக்குப் போய், பிறகு மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டும். ஆனால் முதல் உரிமை நோயாளிக்கு: மை பூசி, வெட்டிய விளிம்பு வரை புற்று இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகு மிஞ்சுவதுதான் ஆய்வுக்கு. இந்த இரண்டு அவசரத்துக்கும் நடுவில் நிற்பவரைத்தான் 'அனுப்புகிறவர்' என்கிறார்கள்.

மலக்குடலில் சிக்கல் வேறு. கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு அறுத்தெடுத்த துண்டில் கட்டியே இல்லாமல் போகலாம். நோயாளிக்கு நல்ல சேதி, ஆய்வுக்கு வெறும் கை. சிகிச்சைக்கு முன்பே பயாப்சி எடுத்து வைக்க யாராவது யோசித்திருக்க வேண்டும்.

உறையவைக்காத திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவம், திசுவின் கன அளவைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். ஊறல் 6 முதல் 72 மணி நேரம். விடுமுறையில் அப்படியே கிடந்தால் டிஎன்ஏ நொறுங்கும், டிஎன்ஏ எழுத்துகளில் சைட்டோசின் சில இடங்களில் தைமின் போலப் படிக்கப்பட்டு இல்லாத மாற்றங்கள் முளைக்கும். ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேட, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயில் ரத்தம் எடுத்தால், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் படுத்துவிடும். இன்னொரு உறைதடுப்பியான இடிடிஏ குழாயில் எடுத்தாலும் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால் வெள்ளையணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏவில் கட்டியின் டிஎன்ஏ மூழ்கிப்போகும். ஒரு முறை மெதுவாக, மறுமுறை வேகமாக என்று இரண்டு சுழற்று. ஒரு மையம் இரண்டு முறை, இன்னொரு மையம் ஒரே முறை சுழற்றினால், முடிவில் தெரியும் வேறுபாடு நோயின் வேறுபாடு அல்ல, சுழற்றியின் வேறுபாடு.

"பல கோடி இயந்திரம் எங்களிடம்தானே இருக்கிறது" என்பீர்கள். இருக்கட்டும். அழுகிய திசுவை அது புதுசாக்கித் தருமா?

"எல்லோர் பெயரையும் போட்டால் ஆசிரியர் பட்டியல் அனுமார் வால் ஆகிவிடும்." இதில் நியாயம் உண்டு. குழாயைத் தூக்கிக் கொடுத்த எல்லோரும் ஆசிரியர் அல்ல. ஆனால் மாதிரி எடுக்கும் செய்முறையை எழுதியவர்?

"கணையத்தையும் பெருங்குடலையும் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கேராஸ் மாற்றம் பெருங்குடல் புற்றிலும் சுமார் 40% இருக்கிறது. அதில் ஒரு வகையான ஜி12சி மாற்றத்தைத் தடுக்கும் மருந்து பெருங்குடலில் தனியாகக் கொடுத்தால் சோர்ந்துவிடுகிறது, செல்லை வளரச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி வழியாகச் சமிக்ஞை திரும்பி வருவதால். அதையும் சேர்த்து அடைத்தால்தான் வேலை செய்கிறது. கணையத்திலோ ஜி12சி அபூர்வம், இன்னொரு வகையான ஜி12டிதான் அதிகம். ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டுக் கீமோவின் மருந்துகள் பெருங்குடல் சிகிச்சையில் பழகியவையே, 2011இல் வெளியான ஆய்வில், பரவிய கணையப் புற்று நோயாளிகள் உயிரோடிருந்த இடைநிலைக் காலத்தை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக்கியதும் அவைதான். ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கு உதவும். இரண்டின் மாதிரிகளையும் ஒரே முறையில் கையாண்டிருந்தால்.

பெயர்கூடப் போகட்டும். பெருங்குடல் மாதிரிகளில் சுமார் 15 சதவீதத்தில் டிஎன்ஏ பழுதுபார்ப்புக் குறை தெரியவரும், கணையத்தில் 1 சதவீதம் அளவில். அதில் சிலருக்கு லிஞ்ச் நோய்க்குறி, பரம்பரை. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அவர்கள் முன்கூட்டியே கொலோனாஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொண்டால் புற்றையே தடுக்கலாம். அந்த முடிவு ஆய்வகக் கணினியிலேயே கிடந்தால்? மாதிரியின் குறியீட்டு எண்ணை மீண்டும் ஒரு மனிதரின் பெயராக மாற்றும் சாவி, அந்த மாதிரியை எடுத்த மருத்துவமனையில்தான் இருக்கிறது. முடிவை அங்கே திருப்பி அனுப்ப ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள் என்று கேட்டால், "அது இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது" என்கிறார்கள்.