சூழல் செயல்திறன் ‘1’ என்றால் மாசே இல்லை என்று அர்த்தமா?

“சீனாவின் சில நிலக்கரி நகரங்கள் சூழல் செயல்திறனில் 1 வாங்கிவிட்டன, அங்கே மாசே கிடையாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. சூழல் செயல்திறன் என்பது, ஒரு நகரம் எவ்வளவு குறைந்த வளத்தில், குறைந்த மாசோடு பொருள் செய்கிறது என்பதற்கான மதிப்பெண்.

காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஒப்பீட்டுக் கணக்குமுறையில்தான் பெரும்பாலும் அதைப் போடுகிறார்கள். பட்டியலில் இருப்பவற்றில் முன்னணியில் நிற்கும் நகரங்களுக்கு 1, மற்றவற்றுக்கு அதற்குக் கீழே.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒரே அளவு நிலக்கரியை எரித்து இரண்டு நகரங்கள் தலா 100 பங்கு பொருள் செய்கின்றன. ஒன்று விடும் புகை 50 பங்கு, இன்னொன்று 80. முதல் நகரத்துக்கு 1, அடுத்ததற்கு 50/80, அதாவது 0.625. சரி, அந்த 50 பங்கு புகை எங்கே போயிற்று? அங்கே குழந்தைகள் சுவாசிக்கும் காற்றில்தான் இருக்கிறது. பட்டியலில் எல்லாமே மோசமான நகரங்கள் என்றாலும் ஒன்றுக்காவது 1 கிடைத்தே தீரும்.

சீன அரசவை 2013இல் வெளியிட்ட திட்டத்தில் இப்படி நிலக்கரி போன்ற இயற்கை வளத்தை நம்பிய நகரங்கள் 262 என்று உள்ளது. அந்த ஆவணத்திலேயே பார்க்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்தால், எந்த நகரங்களோடு ஒப்பிட்டார்கள் என்பதை ஆய்வின் முறையியல் பகுதியில் தேடுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.