பரிசுத் தொகை இருக்கட்டும், மதிப்பெண் முறை?

அலைக்கற்றையை வீணாக்காமல் பயன்படுத்த அரசே பரிசுப் போட்டி நடத்தலாம் என்கிறது கட்டுரை. சரி, ஆனால் மதிப்பெண் முறையைத் தொடவே இல்லையே! அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பா (DARPA), பல அணிகளின் ரேடியோக்கள் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும்படி நடத்திய போட்டியில் (2019 இறுதிச் சுற்றில் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணிக்கு 20 லட்சம் டாலர்) நம் ரேடியோ மட்டும் வேகமாக ஓடினால் போதாது. அதே அலைவரிசையில் இன்னொரு அணி திணறினால் நம் மதிப்பெண்ணிலும் அடி விழும். சூட்சுமமே அந்த விதிதான்.

2022 ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்ற நம் அரசு, அதில் துளியைக் கிள்ளி இங்கே பெங்களூரில் இப்படியொரு போட்டிக்கான சோதனைக்கூடம் வைக்கலாம். எங்கள் அல்சூர் அடுக்குமாடியில் ராத்திரியானால் எல்லா வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே முட்டிக்கொள்கின்றன. முதல் போட்டிக்கு அதையே கேள்வியாகக் கொடுக்கலாம்.